ஒரு கையடக்கச் செட்டும் எங்கள் வீட்டு மட்டுப்பாவும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மேசையில் நிற்கும் கையடக்க வானொலிச் செட்டைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை கிலோமீட்டர் பிடிக்கும்?" என்பதாகவே இருக்கிறது. உரிமம் எடுப்பதற்கு முன்னால் நானும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அதனால் கேட்பவர்கள் மீது எனக்கு எரிச்சல் வருவதில்லை. அந்தக் கேள்விக்கான விடை, செட்டைப் பிடித்திருப்பவர் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று விளங்க எனக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. பொழுதுபோக்காக அலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்குள் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் செட்டை முதலிலும், ஆன்டெனாவை இரண்டாவதாகவும், உரிமத்தைக் கடைசியிலும் பார்க்கிறார்கள். அந்த வரிசையை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும் என்பது என் அனுபவம். கவிழ்த்துப் போடக் கற்றுக்கொண்ட விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது 2017 நவம்பர் 30-ஆம் நாளுக்குப் பிறகு. ஒக்கி புயல் எங்கள் குமரி மாவட்டத்தை ஒட்டிக் கடந்துபோன அந்த நாளில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. கோபுரங்களின் பேட்டரி தீர்ந்ததும் செல்பேசிகளும் ஊமையாயின. தூத்தூர்ப் பக்கத்து ஊர்களில் எங்களுக்கு உறவுக்காரர்கள் உண்டு. அங்கிருந்து ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போனவர்களைப் பற்றிய செய்தி ஏதும் வராமல் கரையில் பெண்கள் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. மண்டைக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓர் ஊரில் என் சித்தி உயிரோடு இருக்கிறாரா என்று அறிய இரண்டு நாள் ஆயிற்று என்பதை மட்டும் சொன்னால் போதும்.

அதற்குப் பின் சில மாதங்கள் கழித்து, நாகர்கோவில் வடசேரியில் வசிக்கும், தொலைபேசித் துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஒரு மூத்த ஹாமிடம் நண்பர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு போனார். அவருடைய அறையில் பெரிய செட்டு ஒன்றும், சுவரெங்கும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கியூ.எஸ்.எல். அட்டைகளும் இருந்தன. (தொடர்பு கிடைத்ததை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அஞ்சலட்டைக்குத்தான் அந்தப் பெயர்.) 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்ததும் தன் வேலையை நிறுத்திவிட்டு, தீவுகளிலிருந்த மக்களின் நலச் செய்திகளைக் கரைக்குக் கடத்தும் பணியில் இறங்கியதை அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். எங்கள் பக்கத்து மணக்குடிப் பாலத்தை அலை கொண்டுபோன அதே நாள் அது என்பதால், கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது வேறெங்கோ நடந்த கதையாகத் தோன்றவில்லை.

நான் உடனே, மஸ்கட்டில் இருக்கும் என் மைத்துனர் அடுத்த மாதம் விடுமுறையில் வருவதாகவும், வரும்போது நல்ல வாக்கி டாக்கி இரண்டு வாங்கிவரச் சொல்லியிருப்பதாகவும் பெருமையாகச் சொன்னேன். சார் (அந்த மூத்த ஹாமை அப்படித்தான் அழைப்பேன்) என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மக்ளே, இன்னைக்கே அவனுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லு. பொண்ணு பாக்கதுக்கு முன்னால தாலி வாங்கப்பிடாது" என்றார்.

அவர் காட்டிய காரணம் எளிமையானது. நம் நாட்டில் அலைபரப்பும் கருவியை உரிமமின்றிப் பயன்படுத்துவது மட்டுமின்றி, கையில் வைத்திருப்பதே குற்றம். 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இன்றைய 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வரையில் இந்த நிலை மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தால் இறக்குமதி அனுமதி எங்கே என்று சுங்கத்தில் கேட்பார்கள். உரிமம் தேவைப்படாத வாக்கி டாக்கிகளும் இருக்கின்றன. ஆனால் அவை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடத்துக்குள், குறைந்த திறனில் இயங்குபவை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கும் சமையற்கட்டுக்கும் இடையே பேச அவை போதும். இணையக் கடைகளில் எந்த விவரமும் இல்லாமல் வாக்கி டாக்கிகள் குவிந்து கிடந்ததைக் கண்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் அவற்றின் விற்பனைக்கென்றே தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. எனவே, "எல்லாரும்தானே வாங்குகிறார்கள்" என்ற வாதம் முன்பும் செல்லாதது, இப்போது இன்னும் செல்லாதது. மைத்துனருக்கு அன்றிரவே போன் செய்தேன். அவர் செட்டுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்.

உரிமத்தை வழங்குவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூ.பி.சி. என்னும் பிரிவு. 1978-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அமெச்சூர் சேவை (ஹாம் ரேடியோவுக்குச் சட்டத்தில் உள்ள பெயர்) விதிகளும் பின்னர் அவற்றில் வந்த திருத்தங்களுமே நான் படித்த காலத்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தன. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள் உண்டு; பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு வானொலிக் கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நாற்பதும் மொத்தத்தில் ஐம்பதும் எடுத்தால் தேறலாம். ஜெனரல் நிலைக்கு இவற்றோடு, நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்தது. நான் முந்திரி ஆலை ஒன்றில் கணக்கெழுதுபவன், படித்தது பி.காம். மோர்ஸ் என்றதும் பின்வாங்கி ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கே விண்ணப்பித்தேன். விண்ணப்பம் சரள் சஞ்சார் என்னும் இணையதளத்தின் வழியே போகிறது. அதில் ஒளிப்படத்தை ஏற்றுவதற்கு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம், எழுதினால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

படிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதிமுறைப் பகுதியை மனப்பாடம் செய்துவிடலாம் என்று எண்ணியவன் நான். கியூ.டி.எச். என்றால் இருக்குமிடம், கியூ.ஆர்.எம். என்றால் பிறர் அலைகளால் வரும் குறுக்கீடு, கியூ.ஆர்.என். என்றால் இடி மின்னல் போன்ற இயற்கையால் வரும் இரைச்சல் என்றெல்லாம் உருப்போட்டேன். விளம்பரம், வியாபாரம், அரசியல், மதப் பரப்புரை, இசை எதுவும் அலையில் போகக் கூடாது என்பதையும், மறைமொழியில் பேசக் கூடாது என்பதையும் படித்தேன். கோட்பாட்டுப் பகுதிதான் என்னைக் கலங்கடித்தது. ஓம் விதியைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவனுக்குச் சுருளும் மின்தேக்கியும் ஒத்ததிரும் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வடசேரி சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ரேடியோப் பெட்டி ஒன்றின் பின்பக்கத்தைத் திறந்து, நிலையம் மாற்றும் திருகைச் சுழற்றும்போது உள்ளே தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவருவதைக் காட்டினார். தகடுகள் முழுக்க நுழைந்தால் மின்தேக்கம் கூடுகிறது, அதிர்வெண் இறங்குகிறது, விலகினால் நேர்மாறு. நாகர்கோவில் வானொலி 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியபோது ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படித் திருகியிருப்பார்கள், என் பாட்டாவும் திருகியிருப்பார். உள்ளே இப்படியொரு காரியம் நடக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சூத்திரம் எனக்குப் பயமாக இல்லை.

தேர்வு எழுதத் திருவனந்தபுரம் போனேன். எங்களைப் போன்ற குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னையைவிட அதுதானே பக்கம். காலையில் தக்கலையில் பேருந்து ஏறி, களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை நெரிசலில் நின்று போய்ச் சேர்ந்தபோது, அங்கே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. அவள் பத்து நிமிடம் முன்னதாகவே எழுதி முடித்துவிட்டு எழுந்தாள். நான் கடைசி மணி வரை இருந்தேன்.

தேறினேன் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான காத்திருப்பு தொடங்கியது. உரிமம் கையில் வருவதற்குமுன் காவல்துறை விசாரணை உண்டு. என் கோப்பு ஓர் அலுவலகத்தின் மேசையில் ஆறு வாரத்துக்கு மேல் கிடந்தது. நான் போய்க் கேட்டபோதெல்லாம் "மேலே போயிருக்கு" என்றார்கள், அது அதே அறையில் அலமாரிக்கு மேலே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஒருவழியாக விசாரணைக்கு வந்த காவலர் நல்ல மனிதர். திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டே, "எல்லார் கையிலயும் போனு இருக்கே, இது எதுக்கு சார்?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அம்மா, "ஒக்கி நேரத்துல உங்க போனு எடுத்துதா மக்களே?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

கட்டணமாக இருபது ஆண்டுகளுக்கு 1000 ரூபாய், வாழ்நாள் உரிமம் என்றால் 2000 ரூபாய் என்றிருந்தது. நான் இரண்டாவதைக் கட்டினேன். பின்னர் ஒருநாள் அழைப்புக்குறி வந்தது. வி.யு. என்ற இரண்டு எழுத்துகள் நாட்டையும், அடுத்து வரும் 3 ரெஸ்ட்ரிக்டட் நிலையையும், பின்னால் வரும் மூன்று எழுத்துகள் என்னையும் குறிப்பவை. ராஜீவ் காந்தியின் அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி. என்று இருந்ததை எங்கோ படித்திருந்தேன்; ஒரு பிரதமருக்கும் எனக்கும் இடையே ஓர் எண்ணும் ஓர் எழுத்தும்தான் வித்தியாசம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

இனி செட்டுக்கு வருகிறேன். வாங்குவதற்குமுன் சார் எனக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார், செட்டைப் பற்றி நான் கற்ற எல்லாவற்றிலும் பயனுள்ளது அதுதான். இரண்டு மீட்டர் அலைவரிசை என்று நாங்கள் சொல்லும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவுக்கு அப்பால் அவை பெரிதாக இறங்குவதில்லை. ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கிடைக்கும். இரு பக்கத்துக்கும் கண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒருவரும் முட்டம் பக்கத்தில் ஒருவரும் செட்டைத் தலைக்குக் கீழே, ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால், தடையே இல்லாத கடல்வெளியில்கூடப் பத்து கிலோமீட்டர்தான் கணக்கு. ஒருவர் மொட்டைமாடிக்கு, எங்கள் வழக்கில் சொன்னால் மட்டுப்பாவுக்கு ஏறி, ஆன்டெனாவை ஒன்பது மீட்டருக்கு உயர்த்தினால் அவர் பங்கு மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டராகிறது. நூறு மீட்டர் உயரக் குன்றில் நின்றால் நாற்பத்தொன்று. இதே கணக்கில் நாற்பது வாட் செட்டும் நான்கு வாட் செட்டும் ஒரே தூரத்தைத்தான் காட்டும், ஏனென்றால் சூத்திரத்தில் வாட்டுக்கு இடமே இல்லை.

உண்மையில் வாட்டுக்கும் ஓரளவு வேலை உண்டுதான். ஆனால் ஐந்து வாட்டிலிருந்து எட்டு வாட்டுக்குப் போனால் கேட்பவர் பக்கத்தில் கூடுவது இரண்டு டெசிபெல் மட்டுமே. எதிர்முனையில் சிக்னலின் வலுவைக் காட்டும் மீட்டரில் ஒரு கோடு ஏற வேண்டுமானால் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். விளம்பரத்தில் "எட்டு வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த செட்டுக்கு அதிகப் பணம் கொடுக்கவிருந்த என்னை இந்தக் கணக்குதான் தடுத்தது. அதிக வாட் அதே பேட்டரியை விரைவில் தின்றுவிடும் என்பதும், புயல் நாட்களில் நமக்கு வேண்டியது நீடித்திருக்கும் பேட்டரி என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தன.

தேர்ந்தெடுக்கும்போது எனக்கு முன்னால் மூன்று வகைகள் இருந்தன. முதலாவது, புதிதாக வருகிறவர்கள் எல்லாருடைய வாயிலும் அடிபடும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற, விலை மிகக் குறைந்த சீனச் செட்டுகள். இரண்டு மீட்டரும் எழுபது சென்டிமீட்டரும் ஆகிய இரண்டு அலைவரிசையிலும் பேசும், அதிர்வெண்களைப் போட்டு வைக்க 128 நினைவுகள் இருக்கும், சிர்ப் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு கணினியிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் இவ்வகைச் செட்டு 136 முதல் 174 வரை எந்த அதிர்வெண்ணிலும் அலைபரப்பக்கூடியது, நமக்கு அனுமதியோ 144 முதல் 146 வரையும், மேலே 434 முதல் 438 வரையும் மட்டுமே. விரல் தவறினால் காவல்துறைக்கோ கப்பலுக்கோ உரிய இடத்தில் போய் நிற்போம். தவிர, விலை குறைந்த செட்டுகளில் அலையை வாங்கும் பகுதி பக்கத்திலுள்ள வலுவான நிலையங்களால் எளிதில் மூச்சுத்திணறும். கையிலுள்ள ரப்பர் ஆன்டெனாவில் ஒழுங்காகக் கேட்பது, மாடியில் பெரிய ஆன்டெனாவை மாட்டியதும் எஃப்.எம். நிலையத்தின் அடியிலும் செல் கோபுரத்தின் அடியிலும் அமுங்கிப் போகும். இரண்டாவது, ஐகாம் ஐசி-வி86 போன்ற, இரண்டு மீட்டரில் மட்டும் பேசும், கட்டுறுதியான செட்டு. மூன்றாவது, யேசு எஃப்டி-65ஆர் போன்ற, ஐந்து வாட்டில் இரண்டு அலைவரிசையும் பேசும் செட்டு.

சார் இரண்டாவதைத்தான் சொன்னார். இங்கே பேசுவதெல்லாம் இரண்டு மீட்டரில்தான் என்பது அவர் வாதம். நான் மூன்றாவதற்குப் போனேன், அதற்குக் காரணம் சற்றுக் குழந்தைத்தனமானது. நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்று ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோன் என்னும் மெல்லிய தொனியோடு நாம் பேசுவதை வாங்கி அது 437.800-இல் திருப்பி விடும். இரண்டு அலைவரிசையும் இல்லாமல் அதோடு பேச முடியாது. அதுமட்டுமின்றி, நிலையம் நம்மை நோக்கி வரும்போது 437.800 பத்து கிலோஹெர்ட்ஸ் வரை மேலே ஏறிக் கேட்கும், விலகும்போது அதே அளவு கீழே இறங்கும், ரயில் கடக்கும்போது ஊதல் மாறுவதைப் போல. அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என ஐந்து நினைவுகளில் போட்டு வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க வேண்டும். இதுவரை அந்த வழியில் மற்றவர்கள் பேசியதை மூன்று முறை கேட்டிருக்கிறேன். என் குரல் மேலே போய்த் திரும்பியதில்லை.

வாங்கும்போது நான் பார்த்த மற்றச் சங்கதிகள் சிறியவை, ஆனால் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அவை சிறியவை அல்ல. கருவிக்கு இங்கே முறையான ஏற்பு இருக்கிறதா, பில்லில் வரிசை எண் எழுதித் தருவார்களா என்று கேட்டேன். இரண்டாவது பேட்டரி கடையில் கிடைக்குமா என்று கேட்டேன். தூசிக்கும் தெறிக்கும் நீருக்கும் தாங்கும் ஐபி54 தரம் இருக்கிறதா என்று பார்த்தேன்; உப்புக்காற்று மண்டைக்காட்டில் கதவுக் கீலையே தின்னும்போது, அந்தத் தரம் இல்லாத செட்டின் பித்தான்களுக்கு என்ன கதி ஆகும்? ஒன்றை மட்டும் பார்க்கத் தவறினேன். ஆன்டெனா பொருந்தும் முனை சில செட்டுகளில் ஊசி நீட்டிய ஆணாகவும், சிலவற்றில் துளையுள்ள பெண்ணாகவும் இருக்கும். நண்பரிடம் ஓசியாக வாங்கி வைத்திருந்த நீள ஆன்டெனா அதனால் எனக்கு ஆகாமல் போயிற்று.

ஆகாமல் போனதும் நல்லதற்கே. கையடக்கச் செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா, நீளத்தைச் சுருக்குவதற்காகச் சுருட்டப்பட்ட ஒரு சமரசம். அதன் மறுபாதியாக நம் உடம்பும் கையுமே வேலை செய்கின்றன. மறுபாதிக்கு ஒரு கம்பியைக் கட்டிவிட்டால் நிலைமை மாறும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், அதில் கால்பாகம் ஏறத்தாழ 52 சென்டிமீட்டர், கம்பிக்குச் சற்றுக் குறைத்து 49 சென்டிமீட்டர். எலக்ட்ரிக் கடையில் வாங்கிய வீட்டு வயரிங் கம்பியில் அந்த நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை வளையமாக்கி, ஆன்டெனா முனையின் அடியில் இருக்கும் உலோக வளையத்தில் தொடும்படி இறுக்கித் தொங்கவிட்டேன். ஹாம்கள் இதற்கு டைகர் டெயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து ரூபாய்க் கம்பி. அதுவரை கரகரவென்று மட்டும் கேட்ட கேரளத்து ரிப்பீட்டர் ஒன்று, சொற்கள் பிரிந்து விளங்கும்படி கேட்கத் தொடங்கியது. புலிவாலைப் பிடித்தவன் விட முடியாது என்பார்கள். நானும் அன்றோடு ஆன்டெனாவை விட முடியாதவன் ஆனேன்.

அடுத்த மாதம் மட்டுப்பாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாயை நட்டு, ஒரு பித்தளைக் கம்பி மேல்நோக்கியும் நான்கு கம்பிகள் கீழ்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும் கால் அலை ஆன்டெனா ஒன்றைக் கட்டினேன். அறைக்குக் கேபிள் இறக்க ஆர்ஜி-58 வகையில் பதினைந்து மீட்டர் போயிற்று. இந்த அலைவரிசையில் அந்தக் கேபிளில் பதினைந்து மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று டெசிபெல் போய்விடும், அதாவது செட்டு அனுப்பும் ஐந்து வாட்டில் பாதி கேபிளுக்குள்ளேயே சூடாகிக் கரைந்துவிடும் என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். எட்டு வாட்டுக்காக ஏங்கியவன் இரண்டரை வாட்டைக் கம்பிக்குக் காணிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன்! இப்போது அறையை மறந்துவிட்டு, மட்டுப்பாவில் படிக்கட்டுக் கூரைக்கடியில் ஒரு நாற்காலி போட்டு, மூன்று மீட்டர் கேபிளோடு அங்கேயே உட்கார்ந்து பேசுகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு பாடமும் இருந்தது. தென்மேற்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரத்தில் எல்லா நிலையங்களும் தேய்ந்து கேட்டன. நான் செட்டைச் சந்தேகித்தேன், பேட்டரியைச் சந்தேகித்தேன், எதிர்முனைக்காரர்களைக்கூடச் சந்தேகித்தேன். மழை விட்ட ஒரு மாலையில் ஏறி இணைப்பைத் திருகிக் கழற்றியபோது, நடுவிலிருந்த ஊசியில் கோவில் விளக்கில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கேபிளின் பின்னல் கம்பிக்குள் விரல் நீளத்துக்குத் தண்ணீர் நின்றது. கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தேன்தான், ஆனால் மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தேன். கூரைக்கு ஓடு வேய்கிறவனைக் கேட்டிருந்தால் கீழிருந்து மேலாகப் போகச் சொல்லியிருப்பான். கெட்டுப்போன முனையை வெட்டியெறிந்துவிட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முதலில் சுற்றி அதற்குமேல் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். இணைப்புக்குக் கீழே கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டேன், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும்.

முதல் பேச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரிப்பீட்டர் என்பது மலையுச்சியில் நின்று, நம்மிடம் ஓர் அதிர்வெண்ணில் வாங்கியதை மற்றோர் அதிர்வெண்ணில் திருப்பிவிடும் நிலையம். இரண்டு மீட்டரில் நாம் பேசுவது நாம் கேட்பதைவிட 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும்படி வைப்பது வழக்கம். அதைச் சரியாக வைத்துவிட்டு மூன்று நாள் அழைப்புக்குறியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கீழிருந்து, "யாருட்ட பேசுத?" என்று கேட்டார், யாரிடமும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான்காம் நாள் சாரிடம் கேட்டபோது, டோன் வைத்தாயா என்றார். காதுக்குக் கேளாதபடி குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய தொனி ஒன்று உண்டு, ரிப்பீட்டரின் கதவுக்கு அதுதான் சாவி. அது இல்லாமல் நான் மூன்று நாளாகப் பூட்டிய வீட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். டோனை வைத்து, பேசும் பித்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து அழைப்புக்குறியைச் சொன்னேன். "கேட்குந்நுண்டு, வளரெ நல்ல சிக்னல்" என்று ஒரு குரல் வந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், கேரளத்தில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து. நான் என் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே, மண்டைக்காட்டுக் கொடைக்கு முன்பு வந்திருப்பதாகவும், சன்னதிக்குப் பக்கத்துக் கடையில் பனங்கற்கண்டு வாங்கியதாகவும் சொல்லி என்னைக் காப்பாற்றினார். ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்தான 73-ஐச் சொல்லி முடித்ததும் கை நடுங்கியபடியே பதிவேட்டில் நேரத்தை எழுதினேன்.

என் மைத்துனியின் கணவர் விசைப்படகில் போகிறவர். இதைக் கேள்விப்பட்டு, "அப்ப நான் கடல்ல இருந்தா உன்ட்ட பேசலாம் இல்லியா மச்சான்?" என்றார். படகுகளின் கடல்சார் செட்டுகள், 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள பதினாறாம் சேனல் போன்ற கடல்சார் சேனல்களில் இயங்குபவை; அங்கே பேச எனக்கு அனுமதி இல்லை, என் அலைவரிசையில் பேச அவருக்கு உரிமம் இல்லை. ஆபத்துக் காலத்தில் ஹாம்கள் நிர்வாகத்துக்குத் துணையாக நிற்கலாமே தவிர, தினப்படி வீட்டுச் செய்திக்கு இது வழியல்ல என்று விளக்கினேன். தவிர, அவர் போகும் ஆழ்கடல் என் மட்டுப்பாவின் தொடுவானத்துக்கு வெகு அப்பால் இருக்கிறது. அவர் முகம் சற்றுச் சுண்டிற்று. பிறகு, நீயும் தேர்வு எழுதேன் என்றேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

தொடுவானக் கணக்கையும் கடல் சில காலைகளில் பொய்யாக்கிவிடும். இரவில் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி, குழாய்க்குள் ஓடும் நீரைப் போலக் கடல்மீது வெகுதூரம் போகும். சென்ற மாசியில் ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, வழக்கமாக வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் இடத்தில், இலங்கைக்குரிய 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு இருவர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். குமரிமுனையிலிருந்து கொழும்புக்கே சுமார் 280 கிலோமீட்டர். வெயில் ஏறியதும் குரல்கள் தேய்ந்து, ஏழேகாலுக்குக் காணாமல் போயின. குறுக்கே புகுந்து அழைத்துப் பார்த்திருக்கலாம். பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவே நுழைய மனம் வராமல் உட்கார்ந்துவிட்டேன். சாரிடம் சொன்னபோது, "ரெண்டு பேச்சுக்கு நடுவுல ஒரு இடைவெளி விடுவாம்லா மக்ளே, அதுல உன் குறியச் சொல்லணும்" என்று கடிந்துகொண்டார்.

இப்போது ஜெனரல் நிலைக்காக மோர்ஸ் பழகுகிறேன். இரவில் எல்லாரும் படுத்த பிறகு மேசை விளிம்பில் பேனாவால் தட்டிப் பார்ப்பது வழக்கம். நேற்று அம்மா அரைத்தூக்கத்தில் எழுந்து வந்து, எந்தத் திசையில் பல்லி சொல்லிற்று என்று கேட்டார். தெற்கே என்றேன்.